உடல்நலமும் ஊர்நலமும்: காவிரிப் படுகையின் அனுபவம்

ஆரோக்கியத்தைப் பற்றி நம்மிடையே எழுதப்படும் நூல்களும் நிகழ்த்தப்படும் சொற்பொழிவுகளும் பெரும்பாலும் ஒரு தனிமனிதனையே எதிரில் நிறுத்திக்கொண்டு பேசுகின்றன. அதிகாலையில் எழ வேண்டும், அளவறிந்து உண்ண வேண்டும், நாள்தோறும் நடக்க வேண்டும், மனக் கவலைக்கு இடங்கொடுக்கலாகாது என்று அவனுக்குச் சொல்லப்படும் புத்திமதிகள் எல்லாம் நியாயமானவையே. அவற்றில் குறை காண்பது என் நோக்கமன்று. ஆயினும், அந்த மனிதன் எந்தத் தெருவில் குடியிருக்கிறான், அவன் வீட்டுக் கொல்லைப்புறத்து நீர் எங்கே போய்த் தேங்குகிறது, அவன் குடிக்கும் நீரில் மேலூரார் எதைக் கரைத்தார்கள் என்ற கேள்விகளை அந்தப் புத்திமதிகள் கேட்பதே இல்லை. கல்லணையிலிருந்து கடற்கரை வரையில் ஒரே நீர் பல ஆறுகளாகவும் எண்ணற்ற வாய்க்கால்களாகவும் பிரிந்து ஊருக்கு ஊர், கொல்லைக்குக் கொல்லை தொட்டுக்கொண்டு ஓடும் தஞ்சை நாட்டில், இந்தக் கேள்விகளைக் கேளாமல் ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசுவது பாதிப் பேச்சே ஆகும்.

இந்நாட்டின் பெரிய வியாதிகள் எவ்வாறு வந்தன, எவ்வாறு போயின என்பதைச் சற்று நிதானமாக ஆராய்ந்தால், அவற்றுள் பெரும்பான்மையானவை தனிமனிதனுடைய ஒழுக்கத்தைப் பொறுத்து வரவும் இல்லை, போகவும் இல்லை என்பது புலப்படும். நீரைப் பங்கிடும் முறையும், நெல்லைப் பக்குவப்படுத்தும் வழக்கமும், குடியிருப்புகள் அமைந்த விதமும், கூலியின் அளவுமே அவற்றைப் பெரிதும் நிர்ணயித்திருக்கின்றன. பழங்காலத்தில் புதுத்தண்ணீர் வருவதற்கு முன்னால் ஊரார் தத்தம் நிலத்தின் விகிதப்படி ஆள் அனுப்பி வாய்க்காலைத் தூர்வாரிய குடிமராமத்து என்ற ஏற்பாடு இருந்தது; அது தளர்ந்துபோன காலத்தில், 1858-ஆம் ஆண்டிலேயே சென்னை ராஜதானி சர்க்கார் அதற்கென ஒரு சட்டம் செய்ய நேர்ந்தது. ஒருவன் தன் வயலுக்கு நேரே உள்ள வாய்க்காலை எவ்வளவு ஆழமாக வெட்டினாலும், மேலேயும் கீழேயும் உள்ளவர்கள் வெட்டாவிட்டால் அவனுக்கு ஒரு சொட்டு நீரும் அதிகமாக வராது. ஆரோக்கியமும் அத்தகைய குடிமராமத்துக் காரியமே என்பது என் அபிப்பிராயம்.

நோயாளிக்கு இரங்கும் தர்மம் இப்பகுதிக்குப் புதியதன்று. முதலாம் ராஜராஜனின் தமக்கையான குந்தவைப் பிராட்டி தன் தந்தை சுந்தர சோழனின் பெயரால் தஞ்சையில் விளங்கிய ஆதுலசாலைக்கு நிலம் அளித்ததைக் கல்வெட்டு கூறுகிறது. சோழ நாட்டுக்கு வெளியே, பாலாற்றை ஒட்டிய திருமுக்கூடலில் வீரராஜேந்திரன் காலத்துச் சாசனம் ஒன்று, 15 படுக்கைகளும், ஒரு வைத்தியரும், சல்லியக் கிரியை செய்பவர் ஒருவரும், மூலிகை கொண்டுவரும் ஆட்களும், பணிவிடைப் பெண்களும் கொண்ட ஆதுலசாலையைக் கணக்கு வழக்கோடு விவரிக்கிறது. பின்னர் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி (1798–1832) இந்தத் துறையில் காட்டிய சிரத்தை தனியே ஒரு நூலுக்கு உரியது. அவர் ஏற்படுத்திய தன்வந்திரி மகாலில் நாட்டு வைத்தியமும் ஐரோப்பிய வைத்தியமும் அருகருகே பரிசீலிக்கப்பட்டன; கைகண்ட மருந்துகளைப் பாட்டில் தொகுத்த சரபேந்திர வைத்திய முறைகள் அங்கிருந்து பிறந்தன; கண்ணோயாளிகளின் விவரங்களைக் கண்களின் வர்ணப் படங்களோடு பதிவு செய்த ஏடுகள் இன்றும் சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எழுதிவைக்க வேண்டும் என்ற எண்ணம் அக்காலத்தில் ஓர் அரண்மனையில் தோன்றியது அபூர்வமே.

சத்திரங்களைக் கம்பெனியார் கைவிட்டுவிடுவார்களோ என்ற அச்சத்தில், 1801-இல் சரபோஜி ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், யாத்திரிகர்களுக்குச் சோறு போடுவது மாத்திரம் அல்லாமல், வழியில் நோயுற்றவர்களுக்கும் விஷக்கடி பட்டவர்களுக்கும் வைத்தியம் பார்ப்பதும், கர்ப்பிணிகளையும் பிரசவித்தவர்களையும் போஷிப்பதும் தம் முன்னோர்களின் சத்திர தர்மம் என்று விளக்கியிருக்கிறார். ராமேசுவர யாத்திரைப் பாதையில் ஒரத்தநாட்டில் எழுந்த முத்தாம்பாள் சத்திரம் அந்தத் தர்மத்தின் சின்னம். இவ்வளவையும் வியந்து பாராட்டிய பிறகு ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும்: ஆதுலசாலையும் சத்திரமும் விழுந்தவனைத் தூக்கின, அவன் வழுக்கி விழுந்த இடத்தைச் சீர்படுத்தவில்லை. சத்திரத்துக் குளமே யாத்திரிகனுக்கு வாந்திபேதியைக் கொடுத்திருக்கலாம் என்று சந்தேகிக்கும் அறிவு அந்நாளில் உலகத்தில் யாருக்கும் இல்லை. ஆகையால் அதை ஒரு குற்றமாகக் கூறுவதற்கில்லை.

சாஸ்திரம் அறியாமலே வழக்கம் காப்பாற்றிய விஷயம் ஒன்று உண்டு. அது புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து, அவித்து, களத்தில் உலர்த்திய பிறகு குத்துவது தஞ்சைக் குடியானவர்களின் நித்திய அனுபவம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜாவாத் தீவில் டச்சு வைத்தியரான எய்க்மன், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகளுக்குக் கால் தளர்ந்து பெரிபெரியைப் போன்ற நோய் வருவதையும், தவிட்டோடு கூடிய அரிசியைக் கொடுத்தால் அது தெளிவதையும் கண்டார். 1929-இல் அதற்காக நோபல் பரிசில் பங்கு பெற்றார். சென்னை ராஜதானியின் வட பகுதியான சர்க்கார் ஜில்லாக்களில், ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட ஏழைகளிடையே பெரிபெரி பரவியிருக்க, அரிசியையே அவர்களுக்குச் சமமாகவோ அதிகமாகவோ உண்ட தமிழ் ஜில்லாக்களில் அது ஏன் தலைகாட்டவில்லை என்ற கேள்வி எழுந்தது. 1918-இல் குன்னூரில் பெரிபெரி ஆராய்ச்சிக்கென மெக்காரிசன் தொடங்கிய சிறு நிலையமே, பின்னால் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து தேசிய போஷாக்கு நிலையமாக வளர்ந்தது. அவரும், அவருக்குப் பின் வந்த அய்க்ராய்டும் கண்டது இதுதான்: நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமின் நீரில் கரைந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது, பிறகு எவ்வளவு தீட்டினாலும் அதில் கணிசமான பங்கு தங்கிவிடுகிறது.

இதில் ஒரு சமூக வேடிக்கை அடங்கியிருக்கிறது. பச்சரிசியே ஆசாரமானது என்று உண்ட அக்ரகாரங்களில் பருப்பும், பாலும், மோரும், காய்கறியும் இலையில் கூட இருந்தபடியால் அரிசியின் குறை வெளியே தெரியவில்லை. வேறு எதுவும் இல்லாமல் சோற்றையும் உப்பையும் மிளகாயையுமே நம்பியிருந்த பண்ணையாளுக்கு, ஆசாரக் குறைவானதென்று ஒதுக்கப்பட்ட புழுங்கலரிசியே கவசமாயிற்று. ஆனால் கவசம் ஒரு நோய்க்குத்தான். மெக்காரிசன் பல தேசத்து உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தபோது, கோதுமையும் பாலும் கீரையும் கூடிய பஞ்சாபியர் உணவை உண்ட எலிகள் கொழுத்து வளர்ந்தன. சென்னை ஏழையின் அரிசி உணவை உண்டவை இளைத்து நோயுற்றன. இதைக் கொண்டு அரிசியைப் பழிப்பவர்கள் உண்டு. அந்தத் தட்டில் அரிசி இருந்ததை விட, பாலும் பருப்பும் கீரையும் இல்லாமற்போனதே முக்கியம் என்று நான் கருதுகிறேன். அது அரிசியின் பிழை அன்று, கூலியின் பிழை.

நீருக்கு வருவோம். வழக்கமாக ஜனவரிக் கடைசியில் மேட்டூர் அணை அடைபட்டு, ஜூன் நடுவில் மறுபடியும் திறக்கப்படும் வரையில், காவிரியும் அதன் கிளைகளும் மணற்பரப்பாகக் கிடக்கும். அப்போது மணலில் ஊற்றுத் தோண்டி இறைத்துக் குடிப்பது வழக்கம். மணல் வடிகட்டியாக வேலை செய்வதால் அது நல்ல வழக்கமே. அதே மணற்பரப்புதான் கரையோர ஊர்களுக்குக் கழிப்பிடமும். புதுத்தண்ணீர் நுரைத்து வரும்போது, அத்தனை மாதத்து அழுக்கையும் திரட்டிக்கொண்டு அது கடைமடை ஊர்களின் குளங்களை நிரப்புகிறது. கலங்கல் நீரைத் தேற்றாங்கொட்டை உரைத்துத் தெளியவைக்கும் சாமர்த்தியம் நம் பாட்டிமார்களுக்கு இருந்தது. சேறு அடியில் படிந்தது, கிருமிகள் போகவில்லை. 1884-இல் கல்கத்தாவில் ஒரு குளத்து நீரிலேயே காலராக் கிருமியை ராபர்ட் கோஹ் கண்டெடுத்ததும், அதற்கு முப்பது வருஷத்துக்கு முன்பே லண்டனில் ஜான் ஸ்னோ குடிநீரையே குற்றவாளியாகக் கூண்டில் நிறுத்தியதும் உலகம் அறிந்தவை. ஆற்றங்கரை ஊரில் ஒருவன் எவ்வளவு ஆசாரமாக மூன்று வேளை ஸ்நானம் செய்தாலும், ஸ்நானம் செய்கிற நீரே மேலூரின் கழிவு என்றால் அந்த ஆசாரம் அவனைக் காப்பாற்றாது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கும்பகோணத்தில் கூடும் மகாமகம் போன்ற விழாக்கள் ஒரு குளத்தைச் சுற்றி லட்சக்கணக்கான ஜனங்களைக் குவிப்பவை. இத்தகைய கூட்டங்களிலிருந்து வீடு திரும்பிய யாத்திரிகர்களோடு காலராவும் திரும்பிச் சென்றது என்பது பழைய சுகாதார உத்தியோகஸ்தர்களின் நித்திய கவலை. 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் என்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருப்பது இந்த அனுபவத்தின் பயனே. இந்தியாவில் எந்த மாகாணமும் அதற்கு முன் அவ்வளவு விரிவான சுகாதாரச் சட்டம் செய்ததில்லை. நம்மவர் அதை அதிகமாக நினைவுகூர்வதில்லை என்பது எனக்கு ஒரு குறை.

அம்மை நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். புன்னைநல்லூரிலும் சமயபுரத்திலும் வீற்றிருக்கும் மாரியம்மனுடைய பெயரால் வேப்பிலை செருகிய வீட்டுக்கு அந்நியர் போகாமல் இருந்த வழக்கம், ஒருவகையில் தொற்றுக்குத் தடையாயிற்று. ஆனால் நோயை ஒழித்தது அம்மைப்பால் குத்தியதுதான். 1975-இல் இந்தியாவில் கடைசிப் பெரியம்மை நோயாளி காணப்பட்டார். 1980-இல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. கோயில்களில் பால்குடமும் தீமிதியும் குறையவில்லை; நோய் போயிற்று, பக்தி நிலைத்தது, ஒன்றுக்கொன்று விரோதம் இல்லை.

யானைக்கால் நோயின் கதை அவ்வளவு சுருக்கமன்று. கும்பகோணத்தின் பெயரோடு இந்நோய் ஒரு காலத்தில் எவ்வளவு ஒட்டிக்கொண்டிருந்தது என்பதை வெற்றிலையையும் பாத்திரக் கடைகளையும் மாத்திரம் அறிந்த இன்றைய தலைமுறைக்குச் சொல்லித்தான் தெரிவிக்க வேண்டும். காரணம் ஊரின் அமைப்பிலேயே இருந்தது. காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில் தாழ்வான சமவெளியில், நெருக்கமான தெருக்களும், பின்கட்டுச் சாக்கடைகளும், வழிந்தோட வாட்டமில்லாத கழிவுநீர்க் குட்டைகளும், எண்ணற்ற கோயிற் குளங்களும் கொண்ட பழைய ஊர் அது. அழுக்கு நீரிலேயே முட்டையிட விரும்பும் கியூலெக்ஸ் கொசு, இரவில் மனித இரத்தத்தில் மேலே வந்து உலாவும் நுண்புழுவை ஒருவரிடமிருந்து உறிஞ்சி மற்றொருவருக்குக் கொடுக்கிறது. கொசு இப்புழுவை உறிஞ்சித் தன்னுள் வளர்க்கிறது என்பதைச் சீனத்து அமோய்த் துறைமுகத்தில் பேட்ரிக் மேன்ஸன் 1877-இல் கண்டார். நோயைச் சுமக்கும் பிராணியாகக் கொசு அடையாளம் காணப்பட்டது அதுவே முதல் தடவை. புழு உடம்பில் பல ஆண்டுகள் தங்கி, நிணநீர்க் குழாய்களைக் கெடுத்து, கால் பருத்த பிறகே வெளியே தெரிவதால், கொசு கடித்த நாளையும் கால் வீங்கிய நாளையும் இணைத்துப் பார்க்கச் சாதாரண அனுபவத்தால் முடியாது. இதனால்தான் ஜனங்கள் தண்ணீரின் தோஷம் என்றும், காற்றின் தோஷம் என்றும், முன்வினை என்றும் பலவாறு சொல்லி வந்தார்கள்.

பசுமைப் புரட்சியோடு பெயர் இணைந்த எம். எஸ். சுவாமிநாதன் 1925-இல் கும்பகோணத்தில் பிறந்தவர். அவருடைய தந்தையான டாக்டர் எம். கே. சாம்பசிவன் காந்தியடிகளைப் பின்பற்றிய அறுவை வைத்தியர். மாணவர்களையும் ஊராரையும் திரட்டிக்கொண்டு தேங்கிய நீரை ஒழிக்கும் பணியில் இறங்கியவர். மகன் தம் வாழ்நாளில் பலமுறை நினைவுகூர்ந்த சம்பவம் அது. ஒரு வைத்தியர் தம் அறுவைச் சாலையை விட்டுத் தெருவுக்கு இறங்கி, நோயாளியின் காலைப் பார்ப்பதற்குப் பதிலாக நோயாளியின் வீட்டுச் சாக்கடையைப் பார்த்தார் என்பதே இங்கே கவனிக்கத்தக்கது.

அத்தகைய ஊக்கம் ஒரு மனிதரோடு நின்றுவிடக்கூடாது என்பதற்காக 1955-இல் தேசிய யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டம் ஏற்பட்டது. அதன் பின்பு, அண்டையிலுள்ள காரைக்காலில் 1980-களில் ஒரு விசித்திரமான பரீட்சை நடந்தது: டி.இ.சி. என்னும் மருந்தை மிகச் சிறு அளவில் சமையல் உப்பிலேயே கலந்து ஊர் முழுவதற்கும் கொடுத்தார்கள். மாத்திரையை ஒவ்வொருவர் வாயிலும் போடுவது பிரயாசை; உப்பையோ யாரும் மறப்பதில்லை. ஊரின் இரத்தத்தில் உலவிய புழுக்களின் அளவு இதனால் வெகுவாகத் தணிந்தது. பிற்காலத்தில் ஆண்டுக்கு ஒருமுறை வீடு வீடாகச் சென்று எல்லோருக்கும் ஒரே நாளில் மாத்திரை கொடுக்கும் முறை வந்தது. புழு இல்லாதவனும் விழுங்க வேண்டும் என்பதே அதன் தத்துவம். தனக்கு ஒன்றும் இல்லையே, நான் ஏன் விழுங்க வேண்டும் என்று கேட்பவனுக்குச் சொல்ல வேண்டிய பதில், மருந்து உனக்காக அன்று, உன் தெருவுக்காக என்பதே. இந்தப் பதிலைச் சொல்லிப் புரியவைத்த கிராம சுகாதாரச் செவிலியர்களின் பொறுமைக்கு எந்தப் பட்டமும் கொடுக்கப்பட்டதில்லை.

இதுவரை ஊர் என்று பொதுவாகச் சொல்லி வந்தேன். ஊர் ஒன்றல்ல, இரண்டு. மேட்டில் ஊரும், பள்ளத்தில் சேரியும் என்ற அமைப்பு, மழைக்காலத்தில் ஊரின் நீரெல்லாம் சேரியில் தேங்கும்படி செய்தது. ஊர்க் கிணற்றில் நீர் எடுக்க முடியாத குடும்பங்கள் வாய்க்கால் நீரையே குடித்தன. வெறுங்காலுடன் சேற்றிலும் வரப்பிலும் காலமெல்லாம் நின்றவர்களின் பாதங்கள் வழியே கொக்கிப்புழு உட்புகுந்து, குடலில் தங்கி, ஓயாமல் இரத்தத்தை உறிஞ்சிற்று. இரத்தம் குன்றிய உழைப்பாளி களத்தில் சோர்ந்து உட்கார்ந்தால், மிராசுதாரும் காரியஸ்தரும் அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்தார்கள். 1952-இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலி உயர்வு கேட்ட பகையில் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து மாண்டார்கள். சுகாதாரக் கட்டுரையில் இதற்கு என்ன இடம் என்று சிலர் நினைக்கலாம். கூலியே பருப்பாகவும் கீரையாகவும் பாலாகவும் செருப்பாகவும் மாறுகிறது. கூலிப் போராட்டத்தை விட்டுவிட்டுப் போஷாக்கைப் பற்றிப் பேசுகிறவன் விளைச்சலைப் பற்றிப் பேசி விதையை மறந்தவன். 2019–21-இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படியும், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்கள் கையில் இருக்கும் ஒரு நாட்டில் இந்த எண்ணை ஒரு முறைக்கு இரு முறை படிக்க வேண்டும்.

சர்க்காரின் பங்கைக் குறைத்து மதிப்பிடுவது நம்மிடம் ஒரு நாகரிகமாகிவிட்டது. ஆகையால் ஒரு விஷயத்தை இங்கே குறித்து வைக்கிறேன். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினம் ஜில்லாவில் மாத்திரம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. உப்பு நீர் புகுந்த கிணறுகளும், சிதறிய சடலங்களும், முகாம்களில் நெருங்கிய ஜனங்களும் சேர்ந்த இடத்தில் காலராவும் தட்டம்மையும் கிளம்பும் என்று எல்லோரும் அஞ்சினார்கள், கிளம்பவில்லை. மருத்துவமனைகளை நடத்தும் துறையிலிருந்து வேறாக, நோய்த் தடுப்புக்கென்றே தனிப் பொதுச் சுகாதாரத் துறையை வைத்திருக்கும் பழைய வழக்கத்தைத் தமிழ்நாடு கைவிடவில்லை. அதன் உத்தியோகஸ்தர்கள் குளோரின் இட்ட நீரைக் கொடுத்து, குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட்டு, நாள்தோறும் முகாம்களில் நோய்க் கணக்கு எடுத்தார்கள். வெளியூர் நகராட்சிகளிலிருந்து வரவழைக்கப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்களே சடலங்களை அப்புறப்படுத்தினார்கள். வராத கொள்ளைநோய்க்கு நினைவுச் சின்னம் கிடையாது.

இன்றைய வியாதிகள் வேறு குணமுடையவை. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு, நாட்டில் 11.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 10.1 கோடிப் பேருக்கு, நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. டெல்டாவில் நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்து உடம்பின் வேலையைக் குறைத்துவிட்டன. சோற்றின் அளவு அதற்கேற்பக் குறையவில்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஆதிரெங்கத்தில் விதைத் திருவிழா நடத்தி, மாப்பிள்ளைச் சம்பா, கருங்குறுவை முதலிய மரபு நெல் இனங்களைத் தேடி மீட்ட நெல் ஜெயராமனின் பணி போற்றத்தக்கது. 2018-இல் அவர் மறைந்தபோது தஞ்சை நாடு ஒரு நல்ல உழவரை இழந்தது. ஆனால் மாப்பிள்ளைச் சம்பாவைத் தின்றால் நீரிழிவு தீரும் என்று கடைகளில் சீட்டெழுதி ஒட்டுகிறார்களே, அதை நான் ஏற்பதற்கில்லை. தவிடு நீக்காத சிவப்பரிசி நார்ச்சத்தினால் சற்று மெதுவாக ஜீரணமாகும், உண்மை. இருந்தாலும் அதுவும் அரிசியே, அளவு மீறினால் அதுவும் சர்க்கரையே. தனிமனிதனுக்குச் சொல்லும் புத்திமதிகளுக்கு உரிய இடம் மற்ற நோய்களைக் காட்டிலும் இங்கேதான் அதிகம் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஓர் உதாரணத்தை வேண்டுமென்றே கடைசிக்கு ஒதுக்கி வைத்தேன். ஏனெனில் மேலே பிரிந்து நின்ற இழைகள் எல்லாம் அதில் வந்து கூடுகின்றன. 1934-இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டதோடு, கல்லணையிலிருந்து வெட்டப்பட்ட புதிய கால்வாய், அதுவரையில் வானம் பார்த்த பூமியாகவும் ஏரிப் பாசனமாகவும் இருந்த ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பகுதிகளுக்குக் காவிரி நீரைக் கொண்டுபோயிற்று. ஜனங்கள் மகிழ்ந்தார்கள், மகிழ வேண்டியதே. நீரின் பின்னாலேயே மலேரியாவும் வந்தது. நூற்றாண்டுக் கணக்காக நெல் விளைந்த பழைய டெல்டாவில் மலேரியா அவ்வளவாக இல்லாதிருக்க, அதே நதியின் நீர் பாய்ந்த புதிய டெல்டாவில் ஏன் அது மூண்டது? இந்தக் கேள்விக்கு விடை தேடி ராக்பெல்லர் ஸ்தாபனத்தைச் சேர்ந்த பால் ரஸ்ஸல் என்ற அமெரிக்க வைத்தியர், 1930-களின் பிற்பகுதியில் இந்திய சகாக்களோடு பட்டுக்கோட்டைத் தாலுகாவில் முகாமிட்டார்.

அவர் 1938-இல் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையின் தலைப்பே அவருடைய முடிவைச் சொல்லிவிடுகிறது: குறைபாடுள்ள, ஒழுங்கில்லாத நீர்ப்பாசனத்தால் விளையும் மலேரியா. மண் எடுத்த பள்ளங்களிலும், கசிவு நீர் தங்கிய குழிகளிலும், வடிகால் இல்லாத மூலைகளிலும், வெயில் படும் தெளிந்த நீரை விரும்பும் கியூலிசிபேசிஸ் என்ற அனோபிலிஸ் கொசு பெருகிற்று. வயலில் நாற்று நட்ட புதிதில் இது முட்டையிடும். பயிர் வளர்ந்து அடர்ந்ததும் நீருக்கு மேல் தாழப் பறக்க இடமில்லாமல் விலகிவிடும். ஆகவே நெற்பயிர் குற்றவாளி அன்று. நீரைக் கொண்டுவரத் தெரிந்து, வடியவிடத் தெரியாத ஏற்பாடே குற்றவாளி. கால்வாய் வெட்டிய இலாகாவுக்கு ஏக்கரும் கன அடியுமே கணக்கு. சுகாதார இலாகாவுக்குக் கால்வாயின் மேல் அதிகாரம் இல்லை.

ரஸ்ஸல் குழுவினர் இரண்டு வழிகளைப் பரீட்சித்தார்கள். ஒன்று, காசாங்காடு கிராமத்தில் நடந்தது. இந்தக் கொசு இரத்தம் குடித்த பிறகு வீடுகளிலும் மாட்டுக் கொட்டில்களிலும் தங்கி இளைப்பாறும் இயல்புடையது என்பதால், பைரீத்ரம் பூவின் சாரத்தைக் கலந்த மருந்தை வீடுதோறும் அடிக்கடி தெளித்து அங்கேயே அதைக் கொன்றார்கள். செலவு குறைவு, பலன் தெரிந்தது. மகாயுத்தத்துக்குப் பிறகு டி.டி.டி. வந்ததும், வீட்டுச் சுவரில் மருந்து தெளிக்கும் இதே தத்துவம் 1953-இல் தொடங்கிய தேசிய மலேரியாத் திட்டத்தின் முதுகெலும்பாயிற்று.

இரண்டாவது வழி எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் படுகிறது. கொசுவின் முட்டை, புழுவாகிக் கூண்டாகிக் கொசுவாவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும். அந்த வாரத்துக்குள் வயலை ஓரிரு நாள் உலரவிட்டால் புழு மடிந்துபோகும், பயிருக்கோ கேடில்லை. இதைப் பற்றி அவர்கள் எழுதிய கட்டுரை 1942-இல் வெளிவந்தது. நம் குடியானவர்கள் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று சொல்லும் அதே முறைதான். அண்மைக் காலத்தில் ஒற்றை நாற்று நடவு என்ற பெயரில் வேளாண்மைத் துறையினர் தண்ணீரைச் சிக்கனப்படுத்துவதற்காகப் பரப்புவதிலும் இதுவே அடங்கியிருக்கிறது. ஆனால் ஒரு வயலை மாத்திரம் உலர்த்திப் பயனில்லை. பக்கத்து வயலில் நீர் நின்றால் கொசு அங்கே போய் முட்டையிடும். மடையின் கீழுள்ள எல்லோரும் ஒரே நாளில் நீரை நிறுத்தவும், ஒரே நாளில் திறக்கவும் இசைய வேண்டும். வடிகாலும் திறந்திருக்க வேண்டும். மேட்டூரிலிருந்து வரும் நீர் நம்பகமாக வரும் என்ற உறுதி இருந்தாலன்றிக் கடைமடை விவசாயி வயலில் நிற்கும் தண்ணீரை வடியவிட ஒப்பமாட்டான். போன தண்ணீர் மறுபடி வருமா என்பது அவன் பயம். முறைவைத்து நீர் விடும் வருஷங்களில் அந்தப் பயம் நியாயமானதும்கூட.